ஒன்பது இருக்கைகளும் ஹவுராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ஒரு விமானத்துக்குள் ஒன்பது இருக்கைகளை நான் கண்டுபிடித்தேன். அதற்காக அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். ஏழு வாரம் கழித்து, அதே அலுவலகத்தில் நின்றுகொண்டு, "அந்த ஒன்பதையும் எடுத்துவிடுங்கள்" என்று நானே சொல்ல வேண்டியிருந்தது.

கேபின் வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, இருக்கைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்கள் கணினிக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் செய்த தவறுகளில் பெரியதையும், அதிலிருந்து வெளியே வந்த விதத்தையும் மட்டும் சொல்கிறேன்.

என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. அவரோடு கல்கத்தா வந்த நான், தொண்ணூறுகள் முழுக்க டம்டம் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு பொறியியல் பிரிவில் இருக்கை வரைபடம் போட்டேன். எல்லாம் சின்ன விமானங்கள். கௌஹாத்தி, போர்ட் பிளேர், சென்னை என்று ஒன்றரை மணி, இரண்டரை மணிப் பயணங்கள். ஏறுகிறவர் உட்காருவார், ஒரு சாண்ட்விச் சாப்பிடுவார், இறங்கிப் போய்விடுவார். விமானம் என்றால் மனிதர்கள் உட்காரும் இடம் என்று அந்தப் பத்து வருடத்தில் என் மனதில் ஊறிப்போயிருந்தது. அது தவறு என்று சொல்ல அந்தப் பயணங்களில் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சால்ட் லேக்கில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். முப்பது பேர் வேலை செய்த சின்ன அலுவலகம். வசந்தா என்ற என் பெயரை அங்கே யாருக்கும் சொல்ல வரவில்லை. ஒரே வாரத்தில் பாஷொந்தி ஆகி, பிறகு வசந்தா அக்கா என்ற அர்த்தத்தில் பாஷொந்தி-தி ஆகிவிட்டேன். சேர்ந்த சில வருடங்களில் எங்களுக்கு அதுவரை வராத பெரிய வேலை ஒன்று வந்தது. வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று, எங்கும் இறங்காமல் பதினாறு மணி நேரம் பறக்கும் ஒரு பயணத்தைத் தொடங்க இருந்தது. அந்த விமானத்தின் உள்ளமைப்பை நாங்கள் வரைய வேண்டும். கூடவே ஒரு கோரிக்கை: சாதாரண வகுப்பில் இன்னும் ஒரு வரிசை சேர்க்க முடியுமா?

மூன்று வாரம் அந்த வரைபடத்தோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் வழி கிடைத்தது. வால்பக்கத்தில் கழிப்பறைகளுக்கும் சமையலறைக்கும் முன்னால் கொஞ்சம் திறந்த இடம் இருந்தது. யாரும் எதற்கும் பயன்படுத்தாத இடம் என்று எனக்குத் தோன்றியது. சமையலறைச் சுவரைப் பின்னுக்குத் தள்ளினேன், அலமாரி ஒன்றைக் குறுக்கினேன், வரிசைக்கு ஒன்பது என்ற கணக்கில் ஒரு வரிசை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அவசர வழி, நடைபாதை அகலம், இருக்கை இடைவெளி எதிலும் ஒரு விதிகூட மீறப்படவில்லை. எங்கள் மேலாளர் வரைபடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "ஷாபாஷ்" என்றார். சந்தேஷ் பெட்டி வந்தது அன்றுதான்.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக நானும் கணவரும் ஹவுராவில் சென்னை ரயில் ஏறினோம். இருபத்தேழு மணி நேரப் பயணம். அதற்கு முன்பே இருபது முறையாவது போயிருப்பேன். ஆனால் அந்த முறை, வரைபடம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று என் கண் தானாக எண்ண ஆரம்பித்தது. எண்ணிக்கை நிலைக்கவே இல்லை. ஒருவர் கதவருகே நிற்கிறார். இரண்டு பெண்கள் முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அரை மணி நேரமாகப் பேசுகிறார்கள். ஒரு தகப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். எதிர் சீட்டுக்காரர் ஆந்திரா முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

"என்ன, யாரையாவது தேடுறியா?" என்று கணவர் கேட்டார்.

"யாருமே உக்காரலங்க."

"இவ்வளவு நேரம் எவன் உக்காருவான்?" என்று சொல்லிவிட்டு, அவரும் எழுந்து கதவுப் பக்கம் போனார்.

விமானத்தில் அப்படி எழுந்து போக இருந்த ஒரே இடத்தில்தான் நான் ஒன்பது இருக்கைகளைப் போட்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் மேலாளரிடம் போனேன். "சார், நம்ம ஆபீஸ்ல யாராவது பதினாறு மணி நேரம் பறந்திருக்கோமா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் சென்னையைத் தாண்டிப் பறந்ததில்லை. அவர் ஒருமுறை துபாய் போயிருந்தார். மற்றவர்களில் பாதிப் பேர் விமானமே ஏறியதில்லை. நாங்கள்தான் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைக்கப் போகிறோம்.

"என்ன செய்யணும்ங்கற?" என்றார்.

"உக்காந்து பாக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கோ. ஜனவரியில ஒரு திங்கட்கிழமை மதியம் அவங்க ஆள் கையெழுத்துப் போட வர்றாங்க. அதுக்கு முன்னாடி முடிச்சிரு" என்றார்.

ஹவுராவில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருந்தார் நிதாய்-தா, அதாவது நிதாய் அண்ணன். அவரிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். விமானத்தின் வால்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு அகலம் மட்டும் போதும் என்றேன்: ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்றும் மூன்றுமாக ஆறு இருக்கை, நடுவில் நடைபாதை, பின்னால் ஒரு கழிப்பறைப் பெட்டி, சமையலறைச் சுவர். உடைத்த விமானங்களின் பழைய இருக்கைகள் எங்கள் கிடங்கில் இருந்தன. அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பினோம். மீதி எல்லாம் ஒட்டுப்பலகை. கழிப்பறைப் பெட்டிக்குள் நுழைந்தால் பின்பக்கம் இன்னொரு கதவு. அது பட்டறையின் நிஜமான கழிப்பறைக்குப் போகும். நான் கேட்ட அளவு ஒன்றில்கூட நிதாய்-தா நூலளவு தப்பவில்லை.

முப்பது பேர் வேண்டும். அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் தேறினார்கள். கார்டன் ரீச் குடியிருப்பிலிருந்து ரயில்வே குடும்பங்கள் சில வந்தன. அவர்களில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு சீனிவாசன் சாரும் ஒருவர், எழுபதை நெருங்கியவர். கரியாஹாட்டில் கணவரோடு இட்லிக் கடை நடத்திய முத்துலட்சுமி அக்காவிடம் அன்றைய சாப்பாட்டுக்குச் சொல்லப் போனபோது, அவரே ஆளாகச் சேர்ந்துகொண்டார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது. விடியலில் கல்லுக்கு முன்னால் நின்றால் மதியம்வரை உட்காரமாட்டார்.

"ஏம்மா, பதினாறு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பாடும் தருவாங்கன்னா, இப்படி ஒரு வேலைய இத்தன வருசமா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" என்றார்.

எல்லோரும் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எங்கள் மாடி வீட்டு டாக்டரையும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டேன். எதற்கும் ஒரு டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. அன்று நான் செய்த சரியான காரியங்களில் முதலாவது அதுதான்.

ஜனவரி மாதம். விடிகாலை நான்கு மணிக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். இரவு எட்டு மணிக்கு இறங்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் போட வேண்டும், எழுந்திருக்கக் கூடாது. கீழே இறங்கக் கூடாது. முத்துலட்சுமி அக்காவுக்கு நான்காவது வரிசையில் ஜன்னலோரம். பக்கத்தில் சீனிவாசன் சார். நடைபாதை ஓரத்தில் எங்கள் அலுவலகத்து அனிர்பன். பயணிகளும் சாமான்களும் எரிபொருளும் சேர்ந்து எவ்வளவு எடை என்று கணக்குப் பார்ப்பது அவன் வேலை. என் மேசைக்கு அடுத்த மேசை.

முதல் நான்கு மணி நேரம் பிக்னிக் மாதிரிதான் இருந்தது. பாட்டு, சீட்டாட்டம், இட்லி, லூச்சிப் பூரி. நிதாய்-தா ஒரு தேநீர் வண்டியை அறுத்து, நடைபாதையில் தள்ளும் உணவு வண்டியாக மாற்றியிருந்தார். அதை அவரே தள்ளிக்கொண்டு வந்து, விமானப் பணிப்பெண் மாதிரி குனிந்து குனிந்து பரிமாறினார். நான் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மணி நேரத்தில் பாட்டு நின்றது. கழிப்பறைக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். நிற்க இடம் கிடையாது. அந்த இடத்தில்தான் என் ஐந்தாவது வரிசை இருந்தது. ஆகவே நடைபாதையில் நின்றார்கள், உட்கார்ந்திருப்பவர்களின் தோளில் இடித்துக்கொண்டு. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் ஐந்தாவது முறை இடி வாங்கியதும் சத்தம் போட்டார். சாப்பாட்டு வண்டி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் கால் மணி நேரம் நின்றது. ஒரு குழந்தை அழுதது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க அதன் அம்மாவுக்கு வழியில்லை.

நான் அப்போது நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "இவர்களுக்கு விமானப் பயணம் பழக்கமில்லை. வரிசை ஒழுங்கு தெரியவில்லை." அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கண்ணெதிரே தெரிந்த ஒன்றைப் பார்க்காமல் இருப்பதற்கு, படித்தவர்கள் எப்படியெல்லாம் வாக்கியம் அமைப்போம் என்பதற்கு அது சாட்சி. சந்தேகம் வந்ததால்தான் சோதனையே வைத்தேன். ஆனாலும் என் வரைபடம் ஜெயித்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மதியம் மூன்று மணிக்கு மேலாளர் வந்து ஒரு ஓரமாக நின்றார். அதுவரை பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. சிவப்பு விளக்கை அணைத்தேன். முத்துலட்சுமி அக்கா எழுந்தார். சீனிவாசன் சாரையும் அனிர்பனையும் எழுப்பி, அவர்களைத் தாண்டி நடைபாதையில் ஒரு கால் வைத்தார். அடுத்த கால் வரவில்லை. முன் இருக்கையைப் பிடிக்கக் கை நீட்டினார், பிடி கிடைக்கவில்லை, அப்படியே சரிந்துவிட்டார்.

டாக்டர் பௌதி ஓடி வந்தார். நடைபாதையில் அவர் முழங்காலிட இடமில்லை. நிற்பவர்களை விலக்கச் சொன்னால் அவர்கள் விலகிப் போக இடமில்லை. அந்த முப்பது விநாடியை நான் மறக்கவே முடியாது. கடைசியில் நிதாய்-தா பக்கவாட்டுப் பலகையையே உதைத்துத் திறந்து, அக்காவை வெளியே தூக்கிப் படுக்க வைத்தார்கள்.

கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. நாக்கு வறண்டிருந்தது. டாக்டர் பௌதி நாடி பார்த்துவிட்டு, "எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார். அக்காவின் சீட்டுப் பையில் காலையில் கொடுத்த பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்த தண்ணீரை மெல்லக் குடித்துவிட்டு அவர் கண் திறந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஏன்க்கா தண்ணியே குடிக்கல?"

"குடிச்சா போவணும்லா." ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "போவணும்னா இவரு எந்திரிக்கணும், அந்தத் தம்பி எந்திரிக்கணும். ரெண்டு பேரும் நல்லா அசந்து தூங்குதாங்க. அப்படியே எந்திரிச்சுப் போனாலும் அங்க நிக்க எடமிருக்கா? ஆம்பளைங்களுக்கு நடுவுல, உக்காந்திருக்க புள்ளைங்க தோள்ல இடிச்சுக்கிட்டுல்லா நிக்கணும். ஒரு நாள்தானன்னு குடிக்காமயே இருந்துட்டேன்."

என் வரைபடத்தில் அவர் ஒரு சின்னச் செவ்வகம். விதிப்படி சரியான செவ்வகம். அதற்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று பதினோரு மணி நேரம் தாகத்தை அடக்கிக்கொண்டிருப்பாள் என்பது எந்தக் கோட்டிலும் தெரியாது. அன்று பட்டறையில் வேறு வழியில்லாமல் பலகையை உடைத்தோம். வெளியே ஹவுரா இருந்தது. கடலுக்கு மேலே பறக்கும்போது எதை உடைப்பது?

நான் எழுந்தேன். "நிதாய்-தா, கடைசி வரிசையக் கழட்டிடலாம்" என்றேன்.

மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாஷொந்தி, பதட்டத்துல முடிவெடுக்காத. நடுவுல மாத்தினா இந்தச் சோதனைக்கே மதிப்பில்லன்னு சொல்லிடுவாங்க. நாளைக்கு மதியம் ஆள் வர்றாங்க. அவங்க கேட்டது இன்னொரு வரிசை. நீ கண்டுபிடிச்சுக் குடுத்துட்ட, அவங்க சந்தோஷமா இருக்காங்க. இந்த வேலை கைவிட்டுப் போனா, உள்ள உக்காந்திருக்கற பசங்க பாதிப் பேருக்கு வேலை இல்ல. அதையும் யோசி."

அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அனிர்பனைப் பார்த்தேன். அவனுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். பிறகு இப்படிச் சொன்னேன்:

"சார், இந்த வரைபடத்துக்கான பதில் பதினோரு மணி நேரத்துலயே கிடைச்சாச்சு. மிச்சமிருக்கற நேரத்துல இன்னொரு கேள்வியக் கேட்டுப் பாக்கலாம். அந்த இடம் இருந்தா என்ன நடக்கும்னு."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிதாய்-தா ஸ்பானரோடு காத்திருந்தார். "குலே தெபோ, திதி?" என்று கேட்டார், கழற்றிவிடட்டுமா அக்கா என்று. நான் தலையாட்டினேன். பத்து நிமிடத்தில் ஆறு இருக்கைகளும் வெளியே வந்து, பட்டறை வாசலில் வெயிலில் நின்றன. அவற்றில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் கீழே இறங்கிக்கொண்டார்கள்.

முத்துலட்சுமி அக்காவை வீட்டுக்கு அனுப்ப டாக்ஸி பிடிக்கப் போனேன். அவர் மறுத்துவிட்டார்.

"பாதியில எறங்கிப் போறதுக்கு இது டவுன் பஸ்ஸா? டாக்டரம்மா சொல்லட்டும், போறேன்."

டாக்டர் பௌதி அரை மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள போகலாம். ஆனா மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கணும், தண்ணி குடிக்கணும். அவங்க ஜன்னலோரம் உட்காரக் கூடாது" என்றார். அனிர்பன் தன் நடைபாதையோர இருக்கையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கியவர்களோடு சேர்ந்துகொண்டான். காலியான ஜன்னலோர இருக்கையில் மறுபடி உட்கார யாரும் முன்வரவில்லை. மேலாளர் கோட்டைக் கழற்றி நிதாய்-தாவிடம் கொடுத்துவிட்டு, சீனிவாசன் சாரைத் தாண்டி அங்கே போய் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததை எழுத எனக்கு நோட்டில் அதிக இடம் தேவைப்படவில்லை. கழிப்பறை வரிசை நடைபாதையை விட்டுப் பின்னால் போனது. வண்டி தடையில்லாமல் வந்து போனது. குழந்தையின் அம்மா அந்தக் காலி இடத்தில் நின்று அதைத் தூங்க வைத்தார். சீனிவாசன் சார் அங்கே போய், ரயிலின் கடைசிப் பெட்டியில் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்; அவரைச் சுற்றி நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். முத்துலட்சுமி அக்கா அவர்களுக்கு நடுவே நின்று தண்ணீர் குடித்தார். காலையில் தோளில் இடி வாங்கிச் சத்தம் போட்ட பெண்ணுக்குக் கீழே இருக்கப் பிடிக்கவில்லை. அவரும் உள்ளே வந்து அக்காவோடு பேசிக்கொண்டு நின்றார். இரவு எட்டு மணிக்குப் பட்டறை விளக்கைப் போட்டபோது, மூன்று பேர் "அதுக்குள்ளயா?" என்று கேட்டார்கள்.

மேலாளர் கடைசியாக இறங்கினார். இரண்டு முறை எழுந்து பார்த்து, மூன்றாவது முறைதான் முடிந்தது. "இந்தக் கொஞ்ச நேரத்துக்கே என் முழங்கால் என்கிட்ட பேச மாட்டேங்குது" என்றார். பிறகு, "காலையில எட்டு மணிக்கு வந்துரு. மயக்கம் போட்டு விழுந்தாங்கன்னு மட்டும் சொன்னா, தண்ணி குடுத்தீங்களான்னு கேட்டுட்டு மறந்துடுவாங்க. காத்தையும் சேத்துச் சொல்லணும்" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. மறுநாள் காலையில் அவர் என்னையும் அனிர்பனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தபோதுதான் புரிந்தது. இவ்வளவு தூரம் பறக்கும் விமானத்துக்கு எடைதான் முதல் எதிரி. குளிர்காலத்தில் எதிர்க்காற்று பலமாக வீசும் நாட்களில் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டும். அவ்வளவு எடையோடு கிளம்ப முடியாது. ஆகவே சில இருக்கைகளைக் காலியாக விட்டுத்தான் பறக்க வேண்டியிருக்கும். எத்தனை இருக்கைகள் என்று அனிர்பன் கணக்குப் போட்டான். இரண்டாவது முறையும் போட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"பாஷொந்தி-தி, காத்து அடிக்கற நாள்ல உங்க ஒன்பதும் காலியாத்தான் போகும். அதுக்கு மேலயும் சிலது காலியாப் போகும். வெறும் இருக்கையோட எடையத் தூக்கிட்டுப் போறதுதான் மிச்சம்."

"இத ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே, திதி."

அவன் சொன்னது சரி. உட்காரும் இடம் என் வேலை, எடை அடுத்த மேசையின் வேலை என்று இரண்டு மாதம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் நாலடி தூரம்தான். உங்கள் அலுவலகத்தில் அடுத்த மேசை இப்போது அடுத்த மாடியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். லிஃப்ட் இருக்கிறது, போய் வாருங்கள்.

மதியம் விமான நிறுவனத்தின் திட்டப் பிரிவு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்து வைத்திருந்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து முதலில் ஹவுராவைச் சொன்னேன், பிறகு காற்றைச் சொன்னேன். முழுவதும் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவில்லை.

"இந்த ஒன்பது இருக்கைகளைக் கண்டுபிடித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்."

"எடுக்கச் சொல்வது?"

"அதுவும் நான்தான். முதல் முறை செய்தபோது நான் ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். இப்போது மனிதர்களைப் பார்த்துவிட்டேன்."

அவர் பேனாவை மூடினார். வேலை கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். மேலாளர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"அந்த இடத்தை நான் பார்க்கலாமா?" என்று அவர் கேட்டார்.

பாலத்தைத் தாண்டி ஹவுரா போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பட்டறையில் உடைந்த பலகை அப்படியே கிடந்தது. அவர் நான்காவது வரிசை ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தார். கடைசி வரிசையைத் திரும்பப் பொருத்தச் சொன்னார். எழுந்து கழிப்பறைவரை நடந்தார். கழற்றச் சொன்னார், மறுபடி நடந்தார். நிதாய்-தா சலிக்காமல் இரண்டையும் செய்தார். கிளம்பும்போது அந்த அதிகாரி சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் அலுவலகத்தில் இதற்குச் சண்டை போட வேண்டியிருக்கும். உங்கள் நோட்டின் நகல் எனக்கு வேண்டும். எல்லாப் பக்கங்களும்."

பயணிகளைக் குறை சொல்லி நான் எழுதியிருந்த பக்கமும் அதில் இருந்தது. கிழித்துவிடலாமா என்று கை போனது. அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தேன். பிற்பாடு அவர் சொன்னார், அவருடைய மேலதிகாரிகளை அசைத்தது அந்தப் பக்கம்தானாம். சொந்த வரைபடத்துக்குச் சாதகமாக இருந்தவளே மாறியிருக்கிறாள் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் அலுவலகத்தில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை; அதுதான் அதிகம் வலித்தது. நான்காவது வாரம் பதில் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஒன்பதில் நடுவில் இருந்த மூன்று இருக்கைகள் இருக்கட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் இருந்த ஆறு போகலாம். காலியாகும் இடத்தில், பயணிகள் தாங்களே எடுத்துக் குடிக்கும்படி ஒரு தண்ணீர்க் குழாயும் குவளைகளும் வைக்க வேண்டும். வேலை எங்களிடமே இருக்கும். அனிர்பன் என் மேசையைத் தட்டிய தட்டில் பேனா தாங்கி கவிழ்ந்தது.

அந்த விமானம் முதல் முறை பறந்து இறங்கிய மறுநாள், அங்கிருந்து வந்த ஒரு தாளை மேலாளர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வழியில் எங்கும் இறங்காமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடியில் விமானப் பணியாளர்களின் குறிப்பு ஒரு வரி: "பின்பக்கக் காலி இடம், பயணம் முழுவதும் ஒரு நிமிடம்கூடக் காலியாக இல்லை." நான் அதை மூன்று முறை படித்தேன். அவர் என் தோளுக்கு மேலே நின்று நான்காவது முறை படித்தார்.

இப்போது உங்களுக்குப் பதினெட்டு மணி நேரப் பயணத்துக்கான வேலை ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கணினியிலேயே பயணிகளை நடக்கவிட்டுப் பார்க்க முடியும் என்கிறார்கள். நல்லது, செய்யுங்கள். அதோடு ஒரு நாள் நிஜ மனிதர்களையும் உட்கார வையுங்கள். ஆளுக்குப் பஞ்சம் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்கு இப்போது அறுபத்தாறு வயது. முழங்கால் வலி, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்ப இப்போதும் கூச்சப்படுவேன். என்னைவிடப் பொருத்தமான பயணி உங்களுக்குக் கிடைக்கமாட்டார். நடு இருக்கையில் உட்கார வையுங்கள்.